மனனம் செய்த முழக்கமும் மறைக்கப்பட்ட தலைவரும்

 

நம் ஊர்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தப்படும் பேச்சுப் போட்டிகளில் 'கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்' என்னும் தலைப்பு தொடர்ந்து இடம்பெற்று வருகின்றது. பள்ளி நிர்வாகங்கள் நடத்துகின்றன, ஜமாஅத்துகள் நடத்துகின்றன, இளைஞர் அமைப்புகளும் நடத்துகின்றன. ஒலிபெருக்கி, பொன்னாடை, கேடயம், சான்றிதழ் எதற்கும் குறைவில்லை. ஆனால், யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ அந்த மனிதர் மட்டும் அந்த மேடையில் இருப்பதில்லை. இதனைக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டும் என்று கருதுகின்றோம்.

பத்து மாணவர்கள் பேசினால் பத்துப் பேச்சும் ஒன்றாகவே இருக்கின்றது. 1896 ஜூன் 5இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார், ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைத் துறந்தார், எளிமையாக வாழ்ந்தார், சீனப் போரின்போது தம் மகனையே போர்முனைக்கு அனுப்ப முன்வந்தார், தமிழுக்காகக் குரல் கொடுத்தார். இறுதியில் கையை உயர்த்தி ஒரு முழக்கம். கைதட்டல். அமர்ந்துவிடுகின்றனர். ஐந்து நிமிடங்களில் ஒரு பெரும் வாழ்வு ஐந்து வாக்கியங்களாகச் சுருங்கிவிடுகின்றது. ஒரு பிள்ளை நடுவில் ஒரு சொல்லை மறந்தால் அடுத்த சொல்லுக்குப் போக வழியின்றித் திகைத்து நிற்கின்றது. தான் அறிந்ததைப் பேசுபவருக்கு அந்த நிலை நேருமா? சொல்லை மறந்தாலும் செய்தி நினைவிலிருக்குமே!

இந்தப் பேச்சுகளை எழுதியவர் யார்? வாப்பாவோ, மாமாவோ, தமிழாசிரியரோ, அல்லது பக்கத்துத் தெருவில் மேடைப் பேச்சுக்குப் பெயர்பெற்ற ஒருவரோ எழுதித் தருகின்றார். பிள்ளை மனனம் செய்கின்றது. பரிசையும் பிள்ளையே பெறுகின்றது. தேர்வு அறையில் அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதுவது மோசடி என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் இறைத்தூதர் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையையும் சொல்லித் தருகின்றோம். பிறகு, பிறர் எழுதிய சொற்களைத் தன் சொற்களாக மேடையில் ஒப்புவித்துப் பரிசு பெறும்படி அதே பிள்ளையை நாமே அனுப்பி வைக்கின்றோம். இரண்டிற்கும் என்ன வேறுபாடு? ஒன்றைப் பிடித்தால் தண்டனை. மற்றொன்றைப் பிடித்தால் கேடயம். அவ்வளவே!

அடுத்தது, மிகைப்படுத்தல். கைதட்டல் பெறுவதற்காகக் கதைகள் கூட்டப்படுகின்றன. யார் சொன்னார், எந்த ஆண்டு, எங்கே பதிவாகியுள்ளது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்று எச்சரித்த நபியின் சமுதாயம் நாம். ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நேர்மை எத்தகையது என்று தொடர்ச்சியாக ஆராயும் ஒரு கலையையே உலகுக்கு வழங்கிய சமுதாயம் நாம். 'உனக்கு இதனை அறிவித்தவர் யார்?' என்னும் கேள்வியில்தான் நம் மார்க்கக் கல்வியே நிற்கின்றது. அந்தக் கேள்வியை மதரஸாவின் வாசலிலேயே விட்டுவிட்டுப் பள்ளி மேடைக்கு ஏறுவது எப்படிச் சரியாகும்? தம்மையே எல்லை கடந்து புகழ வேண்டாமென்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, அவர்களின் உம்மத்தில் ஒருவரான ஓர் அரசியல் தலைவரை எல்லை கடந்து புகழ நமக்கு அனுமதி அளித்தவர் யார்?

இவற்றையெல்லாம்விட வருந்தத்தக்கது, மறைக்கப்படுவதுதான். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக இருந்தவர். அந்த அவையில் அவர் ஆற்றிய உரைகள் அச்சில் உள்ளன; இணையத்திலும் எவரும் படிக்கலாம். அவற்றில் மூன்றை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

1948 நவம்பர் 23 அன்று, பொது உரிமையியல் சட்டம் குறித்த விதி அவையில் விவாதிக்கப்பட்டது. எந்தச் சமூகத்தாரும் தங்களுடைய தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். அண்ணல் அம்பேத்கர் மறுமொழி கூறினார். திருத்தம் தோற்றது.

1949 மே மாதம், சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீடு பற்றிய விவாதம் வந்தது. தனித் தொகுதி முறையுடன் ஒதுக்கீடு தொடர வேண்டும் என்று அவர் கோரினார். பிரிவினையின் இரத்தம் உலராத காலம் அது. சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்தனர். அவர்களுள் ஒருவர், அந்த அவையிலிருந்த ஒரே முஸ்லிம் பெண்மணியான பேகம் அய்ஜாஸ் ரசூல். பெரும்பான்மையினரிடமிருந்து பிரிந்து நிற்பது சிறுபான்மையினருக்கே கேடாக முடியும் என்பது அவருடைய வாதம். இங்கும் காயிதே மில்லத் தோற்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தது. தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழும் திராவிட மொழிகளுமே முன்னிற்கும் என்று அவர் எடுத்துரைத்தார். இந்தப் பகுதி எல்லா மேடைகளிலும் முழங்கப்படுகின்றது. ஆனால், காந்தியடிகளின் வழியில் நாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் அமைந்த இந்துஸ்தானிக்காக அவர் வாதாடியது எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது வரலாறாகுமா?

இவை ஏன் மறைக்கப்படுகின்றன? நமக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: அச்சம். பேச்சுப் போட்டி என்பது நம்மிடையே மெல்ல மெல்ல ஒரு நன்னடத்தைச் சான்றிதழாக மாறிவிட்டது. மகனைப் போருக்கு அனுப்ப முன்வந்த செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது ஏன்? 'எங்களையும் இந்த நாட்டின் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயால் விண்ணப்பம் போடுகின்றோம். எதிரில் சிறப்பு விருந்தினர் தலையசைத்தால் மகிழ்கின்றோம். பிறந்த மண்ணில் வாழ ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு? அதைக் கெஞ்சிப் பெறும் வழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே ஊட்டுவது எத்தகைய கொடுமை என்பதைச் சிந்தித்தோமா?

காயிதே மில்லத் அப்படிக் கெஞ்சியவரல்லர். கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்று பலர் அறிவுறுத்திய காலத்தில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தோற்றுவித்தவர் அவர். அவையில் தாம் சரியென்று நம்பியதைச் சொன்னார்; தோற்றார். தோற்ற பின் அவையை விட்டு ஓடவுமில்லை, தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக நடிக்கவுமில்லை. தம் திருத்தங்களை ஏற்காத அதே அரசியல் சட்டத்தின்படி 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் அமர்ந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். தோல்வியைக் கண்ணியத்தோடு ஏற்பது, சட்டத்தின் வழியில் நின்று மாறுபடுவது, மாறுபட்டபோதும் நாட்டோடு இருப்பது: நம் பிள்ளைகளுக்கு இன்று வேண்டிய பாடம் இதுவல்லவா? அந்தப் பாடத்தை அகற்றிவிட்டு எளிமையான சட்டையையும் தொப்பியையும் மட்டும் கையில் கொடுக்கின்றோம்.

சிலர் மறுப்புரைக்கக் கூடும். 'சிறுபிள்ளைகள், முதலில் மேடைக் கூச்சம் நீங்கட்டும்' என்பர். கூச்சம் நீங்க வேண்டியதே. ஆயின், ஒப்புவிப்பதால் நீங்குவது கூச்சம் மட்டுமன்று. அறியாததைப் பேசுவதில் இருக்க வேண்டிய நாணமும் சேர்ந்து நீங்கிவிடுகின்றது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிப்பது பெரியவர்களை மட்டுமா?

'மற்றவர்கள் தங்கள் தலைவர்களைப் புகழ்கின்றனர். நாம் மட்டும் நம்மவரின் தோல்விகளைப் பேசுவதா?' என்பர். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராயினும் சரி என்று கட்டளையிடப்பட்டவர்கள் நாம். மற்றவர் செய்வது நமக்கு அளவுகோலாகாது. மேலும், அவருடைய தோல்விகளைப் பேசுவது அவரைக் குறைப்பதாகாது. தனித் தொகுதி பற்றிய அவருடைய கருத்து சரியா, பேகம் அய்ஜாஸ் ரசூலின் கருத்து சரியா என்று ஒரு மாணவி இன்று எடைபோட்டுப் பேசினால், இருவரையும் அவள் மதிக்கின்றாள் என்பதே பொருள்.

'இன்றைய சூழலில் இதையெல்லாம் பேசினால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும்' என்பர். 1949ஆம் ஆண்டின் சூழலைவிடவா இன்றைய சூழல் கடினமானது? அன்று அவர் பேசினார். அவர் பேசியதை எடுத்துச் சொல்லவும் அஞ்சுகின்றவர்கள் அவர் பெயரால் கேடயம் வழங்குவது முரண் அல்லவா?

எனவே, போட்டி நடத்தும் பெருமக்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒருவருடைய முழு வாழ்வையும் தலைப்பாகத் தராதீர்கள். ஒரே ஒரு நாளை, ஒரே ஓர் உரையைத் தலைப்பாகக் கொடுங்கள். மூலத்தைப் பிரதியெடுத்து ஒரு மாதம் முன்பே மாணவர் கையில் சேர்த்துவிடுங்கள். அது ஆங்கிலத்தில் இருப்பதால் ஆசிரியர் உடனிருந்து வாசித்துப் பொருள் சொல்லட்டும்; பேச்சைப் பிள்ளையே எழுதட்டும். சிறு குறிப்புத் தாளைக் கையில் வைத்திருக்க அனுமதியுங்கள். பேசி முடித்ததும் நடுவர் இரண்டு கேள்விகளேனும் கேட்கட்டும். மதிப்பெண்ணில் பாதி அந்த விடைகளுக்கே போகட்டும். எங்கே படித்தாய் என்பது ஒன்று. அவரோடு நீ எதில் மாறுபடுகின்றாய் என்பது மற்றொன்று. சில இடங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு, பெண்பிள்ளைகளுக்குக் கட்டுரை என்று பிரித்து வைத்திருக்கின்றனர். அரசியல் நிர்ணய சபையில் ஒரு முஸ்லிம் பெண் எழுந்து பேசி எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் தெருவின் மேடைக்கு அவள் இன்னும் வரக் கூடாதா?

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பேச்சை எழுதித் தராதீர்கள். பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். பரிசு கிடைக்காமல் போகலாம். ஆயினும், தான் அறிந்ததை அறிந்த அளவில், அறியாததை அறியேன் என்று சொல்லி இறங்கும் பிள்ளை ஓர் அமானிதத்தைக் காப்பாற்றிவிட்டு இறங்குகின்றது. சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கின்ற அந்தப் பெருமகனாருக்கு நம் புகழ்மொழிகள் தேவையில்லை. அவர் தேடியது அல்லாஹ்விடம் உள்ள கூலி. தேவையிருப்பது நமக்கு, உண்மையைப் பேசிப் பழகிய ஒரு தலைமுறை நமக்குத் தேவை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவுகளை உண்மையின் மீது நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.