வைகை ஒண்ணும் ரோடு இல்லீங்கோ!

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியாச்சு. வாங்கினதும் எங்கேயாவது இறக்கிப் பார்க்கணுமே! மலைக்குப் போக லீவு இல்லை, பெட்ரோல் செலவு வேற. மதுரைக்காரருக்கு இருக்கவே இருக்கு, ஊருக்கு நடுவில் காய்ந்து கிடக்கும் வைகை. பாறை கிடையாது, செங்குத்து ஏற்றம் கிடையாது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் போதும், புதுசா ஓட்டுபவரும் ஹீரோதான். இதற்குப் பெயர் 'ஈஸி டிரெயில்'.

ஈஸியாக இருப்பதற்குக் காரணம் டிரைவரின் திறமை அல்ல மக்களே. ஆற்றில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா நதிக்குள் ஒருவர் தார் ஜீப்பை ஓட்டினார். வீடியோ பரவியது, நாடே திட்டியது, போலீஸ் அபராதம் போட்டது. அங்கே தண்ணீர் ஓடியது, அதனால் எல்லோர் கண்ணுக்கும் அது ஆறாகத் தெரிந்தது. வறண்ட வைகை மட்டும் ஆறில்லையா?

"சாக்கடையும் குப்பையும் கலக்காததையா ஒரு ஜீப் கெடுத்துவிடப் போகிறது?" என்று கேட்பார்கள். அடுத்தவன் செய்த பாவம் இவர்களுக்கு லைசென்ஸ் ஆகிவிடுமா? வண்டல் படிந்த தரையில் சக்கரம் திரும்பத் திரும்ப ஏறினால் மண் இறுகும். இறுகிய மண்ணில் மழைத் தண்ணீர் சரியாக இறங்காது. கரையில் ஏறி இறங்கும் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி, கரையையே அரித்துக்கொண்டு போகும். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கல்லாகத்தான் முட்டையிடும். நடந்து போகிறவருக்கே சட்டென்று தெரியாத முட்டை, ஸ்டியரிங் பிடித்தவருக்கா தெரியும்? தலைக்கு மேலே அது கத்திக்கொண்டு பறப்பதும் வீடியோவில் பின்னணி இசையாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஆஃப் ரோடு ஓட்டவென்றே பணம் வாங்கிக்கொண்டு விடும் தனியார் டிராக்குகள் உண்டு. அங்கே போகாமல் ஆற்றுக்கு வருவது எதற்கு? ஓசி என்பதற்காக! லாபம் வண்டிக்காரர் பக்கம், நஷ்டம் ஊர்ப் பக்கம். ஆறு புறம்போக்குதான். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்றா அர்த்தம்? எல்லோருக்கும் சொந்தம் என்றல்லவா அர்த்தம்!

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கைதான், மற்ற நாட்களில் அதே ஆற்றுக்குள் கியர் மாற்றுகிறது. சாமி இறங்கினால் புண்ணிய நதி, சாமி கிளம்பிவிட்டால் ஈஸி டிரெயிலா?

வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, ஒரு தடவை நடந்து இறங்கிப் பாருங்கள். கீழே பார்த்து நடங்க, முட்டை இருக்கும்.