பொறுத்துக்கொள் என்பது மருந்தல்ல



எங்கள் வீடுகளில் "சுகமில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் மூடி வைக்கப்படும் விடயத்தை இம்முறை எழுதுகிறோம். மாதவிடாய் வலி. ஆண்களும் இப்பக்கத்தைத் தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

2019ஆம் ஆண்டு தொம்சன் ரொய்ட்டர்ஸ் பவுண்டேசன், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு, பெயரோ காலாவதித் திகதியோ இல்லாத குளிசைகளைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்களாம். அவை ஐபுபுரோபன் போன்ற வலிமருந்துகள் என்று தெரியவந்தது. காலப்போக்கில் உடல்நலம் கெட்டதாகப் பல பெண்கள் சொன்னார்கள்.

அதே ஐபுபுரோபன் இங்கே எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. நல்ல மருந்துதான். பெயரும் அளவும் தெரியாமல், வலியின் காரணத்தையும் பாராமல், மாதாமாதம் விழுங்க வைத்ததுதான் கொடுமை. லைனில் நிற்கும் நாங்களும் பக்கத்தில் நிற்பவர் நீட்டும் குளிசையை என்னவென்று கேளாமல் வாயில் போட்டால், அதையே எங்களுக்கு நாங்களே செய்கிறோம்.

வலி ஏன் வருகிறது?

கருப்பையின் உட்சவ்வு கழன்று வரும் நாட்களில் புரஸ்டகிளாண்டின் என்ற பொருள் அங்கே உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. அளவு கூடினால் வலியும் கூடும். சத்தி, வயிற்றோட்டம், தலையிடி வருவதும் இதனால்தான். ஐபுபுரோபன் அப்பொருள் உண்டாவதையே குறைக்கிறது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தாங்க முடியாத நேரத்தில் போட்டால் பலன் குறைவு. வலி தொடங்கும்போதே சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

எந்தக் குளிசை, எத்தனை?

ஊரில் போட்ட பனடோல் இங்கே ரைலனோல். இந்த வலிக்கு அதைவிட அட்வில், மோட்ரின் என்று விற்கும் ஐபுபுரோபனோ, அலீவ் என்று விற்கும் நப்ரொக்சனோ நன்றாகக் கேட்கும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. கடையில் வாங்கும் ஐபுபுரோபன் குளிசை ஒன்று 200 மில்லிகிராம். 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்று, கேட்காவிட்டால் இரண்டு. 24 மணித்தியாலத்தில் 6 குளிசைக்கு மேல் கூடாது. குடற்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களும், அஸ்பிரின் போட்டால் இழுப்பு வருபவர்களும், இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேளாமல் தொடக் கூடாது. அம்மம்மா காலத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலும் உண்மையாகவே உதவும். துணியில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள்.

எப்போது டொக்டரிடம் போக வேண்டும்?

மருந்துக்கும் கேட்காமல் பள்ளிக்கூடம், வேலை தடைப்பட்டால். வருடத்துக்கு வருடம் வலி கூடினால். மாதவிடாய் இல்லாத நாளிலும் வலித்தால். மலம் கழிக்கும்போதோ கணவனோடு சேரும்போதோ வலித்தால். இரத்தப்போக்கு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனையுமளவு இருந்தால், போகத்தான் வேண்டும். கருப்பைக் கட்டியாக இருக்கலாம். எண்டோமெற்றியோசிஸ் ஆகவும் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற சவ்வு வெளியே வளரும் நோய் இது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

"கலியாணம் முடித்தால் சரிவரும்" என்று பெண் பிள்ளைகளைக் காக்க வைக்கிறோம். இந்த நோய் சிலருக்குக் கருத்தரிப்பதையே கடினமாக்கும். காத்திருந்து என்ன லாபம்? டொக்டர் மகளுக்குக் கருத்தடைக் குளிசை எழுதினால் பதற வேண்டாம். உட்சவ்வு தடிப்பதைக் குறைத்து வலியை அடக்க அதைக் கொடுப்பது வழக்கம். பிள்ளையின் நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டொக்டரிடம் என்ன சொல்வது?

"வயிற்றுநோ" என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று மாதம் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்: இரத்தம் போன நாட்கள், மாற்றிய பாட் எண்ணிக்கை, 0 முதல் 10 வரை வலியின் அளவு, போட்ட குளிசை, தவறிய வேலைநாள். மகனையோ கணவனையோ மொழிபெயர்க்க வைத்தால் பாதி விடயம் வாயில் வராது. அரசாங்கப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள், கிளினிக்குகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டும். தொலைபேசியிலும் வருவார். நேரம் குறிக்கும்போதே தமிழ் என்று கேளுங்கள்.

லீவு?

நியூ ஜேர்சியில் 2018 ஒக்ரோபர் 29 முதல், 30 மணித்தியால வேலைக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில், வருடத்துக்கு 40 மணித்தியாலம் வரை சம்பளத்தோடு சுகயீன லீவு சேர்கிறது. ஏஜென்சி மூலம் வேலை செய்வோருக்கும் உண்டு. வேலையில் சேர்ந்து 120 நாளின் பின் எடுக்கலாம். தொடர்ந்து மூன்று நாளுக்குக் குறைந்த லீவுக்குப் பொதுவாக டொக்டர் துண்டு கேட்க முடியாது. கலிபோர்னியாவிலும் 2024 முதல் வருடத்துக்கு 40 மணித்தியாலம் உண்டு. ரெக்சாசில் இப்படி மாநிலச் சட்டம் இல்லை. அங்குள்ளவர்கள் கொம்பனி விதியைக் கேட்டறிய வேண்டும்.

சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்து ஊரையே கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் சுருண்டு படுத்தால் "பொறுத்துக்கொள்" என்கிறோம். இனி, "எவ்வளவு வலிக்கிறது, எத்தனை நாளாக?" என்று கேட்போம்.