எஞ்சின் நின்றால் விழுந்துவிடுமா?

2017 ஜூன் 25, நோன்புப் பெருநாள். பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா எக்ஸ் விமானம், கிளம்பிய ஒன்றேகால் மணி நேரத்தில் துணி துவைக்கும் மிஷின்போல் உதறத் தொடங்கியது. தலைமை விமானி பயணிகளைப் பிரார்த்தனை செய்யச் சொன்னார். 359 பயணிகளும் பெர்த்துக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கினார்கள். கைப்பேசிகளில் சுற்றியதெல்லாம் அந்த ஆட்டமும் பிரார்த்தனையும்தான். ஆடியது எது, ஏன் நிற்காமல் ஆடியது என்று விளக்கியவர்கள் குறைவு.

இடப்பக்க எஞ்சினின் முகப்பு விசிறியில் ஒரு பிளேடு, உலோகச் சோர்வால் விரிசல் கண்டு முறிந்திருந்தது. எஞ்சினை அணைத்தால் ஆட்டமும் நின்றுவிட வேண்டாமா? எரிபொருளை நிறுத்தலாம், எதிரே மோதும் காற்றை நிறுத்த முடியாது. திருவிழாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடும் காகிதக் காற்றாடிபோல விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பிளேடு முறிந்த விசிறியில் எடை ஒருபக்கமாகிவிடும், அதனால்தான் அந்த உதறல். அந்த நேரத்திலும் மற்ற எஞ்சின் விமானத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் கணத்தில் ஒன்று போனாலும் மற்றதால் மேலேற முடியும் என்று நிரூபித்தால்தான் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும்.

சரி, எல்லாமே நின்றால்? அதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1982 ஜூன் 24 இரவு, சுபாங்கிலிருந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவா அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பலில் நுழைந்து நான்கு எஞ்சின்களையும் இழந்தது. 37,000 அடி உயரத்திலிருந்து அது கல்லாக விழவில்லை. கியரை எடுத்துவிட்ட லோரி இறக்கத்தில் உருளுவதுபோல காற்றில் சறுக்கியது. ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் பதினைந்து கிலோமீட்டர் முன்னே போகக்கூடிய விமானம் அது. இன்று நம் தஞ்சோங் மாலிமுக்கு நேர்மேலே, அதே உயரத்தில் அப்படி நேர்ந்தால் வடக்கே ஈப்போவும் எட்டும், தெற்கே சிப்பாங்கும் எட்டும். சாம்பலை விட்டு வெளியே வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது.

ஆக, கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதை அவசரப்பட்டுக் கெடுக்காதே என்பதுதான் விமானிக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், பேச்சு அப்புறம். ஏர்பஸ்ஸில் புறப்பட்டு 400 அடி ஏறும்வரை கோளாறான எஞ்சினுக்கு வைத்தியம் ஆரம்பிப்பதே இல்லை. அதற்குப் பிறகும், எந்த எஞ்சினை அணைக்கிறோம் என்று ஒருவர் நெம்புகோலில் கைவைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்த்து ஆமோதிக்க வேண்டும்.

பிரார்த்தனை கேட்டதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், மற்ற எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதைத்தான் பயணிகளுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை பிரார்த்தனையைப் பெரிதுபடுத்தவில்லை. சேதமான எஞ்சினை மறுபடி இயக்கிப் பார்த்ததையும், அருகிலிருந்த விமான நிலையத்துக்குப் போகாமல் பெர்த்வரை வந்ததையும்தான் குறை சொன்னது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் கெக்வர்த் விபத்தைப் பார்க்கலாம். 1989 ஜனவரி 8 அன்று பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737 ஒன்றில் இதேபோல் இடப்பக்க எஞ்சினின் பிளேடு முறிந்தது. விமானிகள் அணைத்ததோ வலப்பக்கத்து நல்ல எஞ்சினை. தற்செயலாக ஆட்டமும் குறைந்ததால், சரியாகத்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்கள். இறங்கும் நேரத்தில் பழுதான எஞ்சினும் கைவிட்டது. 47 பேர் இறந்தார்கள். இடப்பக்கத்தில் நெருப்பு தெறித்ததைப் பின் இருக்கைகளில் சிலர் பார்த்திருந்தார்கள். கோளாறு வலப்பக்கம் என்று தலைமை விமானி அறிவித்ததையும் கேட்டார்கள். அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.