தொப்பி போட்டால் என்ன குறை?



சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் பிராக்டீஸ் நடக்கிறது. திங்கட்கிழமை ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தொப்பி போட்டு வந்தாள். டாக்டர் சொன்னார் என்று அவங்க அம்மா சந்தையில் வாங்கிக் கொடுத்தது. "யூனிபார்மில் தொப்பி உண்டா?" என்று கழற்றச் சொல்லிட்டாங்க. 11 மணி வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றாள். மத்தியானம் அவள் மூக்கும் காதும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து போச்சு. சில பேர் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது.

அவளுக்கு இருப்பது அல்பினிசம். பிறவியிலேயே வருவது, தொட்டால் ஒட்டாது. வெண்குஷ்டம் என்று சொல்வது தப்பு. (அதுவும் ஒட்டாது!) வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி அதை ஓரளவு தடுத்துவிடும். கறுப்பாக இருப்பதே நமக்கு ஒரு குடை. அதைப் போய் கிரீம் பூசி வெளுக்கப் பார்க்கிறோம்! அவளுக்கு அந்தக் குடையே இல்லை. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து நம்மைவிட அவளுக்குப் பல மடங்கு. டான்சானியா நாட்டில் இப்படிப் பிறந்தவர்கள் பலர் சின்ன வயசிலேயே இந்த நோயில் இறந்திருக்கிறார்கள். கண் பார்வையும் குறைவு, அதனால்தான் போர்டுக்குப் பக்கத்தில் போய் எழுதுகிறாள். அதற்கும் கிண்டல்.

"ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் தொப்பி கேட்பாங்க" என்கிறார்கள். கேட்கட்டுமே! தோல் புற்றுநோய் அதிகம் உள்ள ஆஸ்திரேலியாவில் 1981லேயே சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று பிரச்சாரம் ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பல பள்ளிகளில் தொப்பி இல்லாவிட்டால் வெயிலில் விளையாடவே விடமாட்டார்கள். இங்கே தொப்பி இருந்தால் விடமாட்டார்கள்.

நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். 11 மணிக்கு என் நிழலை அளந்தேன், என் உயரத்தில் பாதிகூட இல்லை. பிராக்டீஸை காலை பிரேயர் முடிந்ததும் வைக்கலாம், இல்லாவிட்டால் கடைசி பீரியடில் வைக்கலாம். அவளுக்குத் தொப்பியும் முழுக்கை சட்டையும் தினமும் அனுமதிக்க வேண்டும். தலைமையாசிரியர் அவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே சொன்னால் நல்லது. நாளைக்கும் 11 மணிக்குப் பிராக்டீஸ் இருக்கு.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி