அடும்பும் கொசு உள்ளானும்

இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் மணலைப் பற்றிப் படரும் கொடி அடும்பு. அதன் இலை ஆட்டின் குளம்புபோல் நுனி பிளந்திருக்கும். பூ, ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் சேற்றில் இரை தேடும் சிறு பறவை கொசு உள்ளான். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம்தான்.

முன்னதை மண்ணுக்குரிய மலர் என்றும் பின்னதை வெளிநாட்டுப் பறவை என்றும் பலர் பிரித்துப் பேசுகின்றனர். இப்பிரிப்பு பொருத்தமற்றது.

அடும்பின் விதை நீரில் மிதக்கும். உப்புநீரில் நெடுநாள் கிடந்தாலும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. அலை ஒதுக்கிய இடத்தில் முளைத்து, கணுதோறும் வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டலக் கரைகளிலும் அது பூத்துக் கிடக்கிறது. வேரூன்றி நிற்பதனாலேயே அது பயணம் செய்யாதது என்று எண்ணிவிடலாகாது.

உள்ளானின் கதை இன்னும் வியப்பானது. ஆர்க்டிக் பகுதியின் தூந்திர நிலத்தில், பனி உருகும் ஜூன் மாத அளவில் அது முட்டையிடுகிறது. குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே நடந்து, தாமே இரை தேடுகின்றன. பெரிய பறவைகள் முதலில் தெற்கே புறப்பட்டுவிடும். இளம்பறவைகள் சில வாரங்கள் கழித்தே கிளம்பும். வழிகாட்டப் பெற்றோர் உடன் வருவதில்லை. ஆயினும் அவை வந்து சேர்கின்றன! ஆகஸ்டு, செப்டம்பர் முதல் ஏப்ரல், மே வரை, ஆண்டின் பெரும்பகுதியை அவை கழிப்பது இந்தியா போன்ற நாடுகளின் கரைகளில்தான். பிறந்த இடத்தில் இருப்பதோ ஏறத்தாழ இரண்டு மாதமே. அவ்வாறாயின் அதனை விருந்தாளி என்பது எங்ஙனம் தகும்? ‘உன் சொந்த ஊர் எது?’ என்ற கேள்வியை அடிக்கடி கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

பறவைக்கு வேர் இல்லையே என்பார் சிலர். வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை அது சேர்ப்பது இச்சேற்றிலுள்ள புழுக்களையும் பூச்சிகளையும் தின்றே. இதனினும் நெருங்கிய பிணைப்பு வேறென்ன வேண்டும்?

பெயர் எதுவாயினும் என்ன என்று விட்டுவிட இயலாது. அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கடற்கரையைச் சமன்செய்வோர் அடும்பைக் களையென்று பிடுங்குகின்றனர். மணல்மேடு காற்றில் கரைகிறது. சேற்றுநிலத்தை இறால் பண்ணையாக்கும்போது, ‘எங்கிருந்தோ வந்த பறவைதானே, வேறிடம் தேடிக்கொள்ளும்’ என்று சொல்லிவிடுவதும் எளிதாகிறது. ஏப்ரலில் அவ்வுள்ளான் பறக்கவேண்டிய தொலைவு மட்டும் குறைவதில்லை.