ஏவியவரும் இயற்றியவரும்

தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டியவன் யாரென வகுப்பறையில் வினவினால், இராசராசன் என்று மாணவர் விடையிறுப்பர். அம்மன்னன் ஒரு கல்லேனும் சுமந்தானல்லன். ஓர் உளியேனும் பிடித்தானல்லன். ஆயினும் அவ்விடை பிழையன்று. தொழிலைத் தன் கையாற் செய்பவனை இயற்றுதற் கருத்தா என்றும், பிறரைக் கொண்டு செய்விப்பவனை ஏவுதற் கருத்தா என்றும் நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். இருவரும் கருத்தாக்களே. இதனை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆனால், நாம் தறிப்பித்த தென்னை அயலவர் கூரைமீது வீழும்பொழுது இவ்விலக்கணத்தை எளிதில் மறந்துவிடுகிறோம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய நம் கரையோர ஊர்களில் வளவுகள் ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கின்றன. ஒருவர் மதிலுக்கு அப்பால் மற்றவர் குசினி. ஒருவர் தென்னையின் நிழல் மற்றவர் கிணற்றில். இத்தகைய இடத்தில் மரம் தறிக்கவும், வளவைத் துப்புரவு செய்யவும், பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பவும் கொந்தராத்துக்காரரை அமர்த்துகிறோம். வடங் கட்டாது தறித்த மரம் ஓட்டுக் கூரையை நொறுக்குகிறது. மண் ஏற்றிவந்த உழவு இயந்திரம் மதிலைச் சாய்க்கிறது. களைகொல்லி காற்றோடு பறந்து அயலவர் மரக்கறிப் பாத்தியைக் கருக்குகிறது.

வேலை செவ்வனே முடிந்தால், "வளவைத் திருத்திவிட்டேன்" என்று மகிழ்ந்துரைப்பவர் வீட்டுக்காரர். சேதம் நேர்ந்தாலோ, "நானா வெட்டினேன்? கொந்தராத்துக்காரரைப் போய்க் கேளுங்கள்" என்கிறார். கொந்தராத்துக்காரர் கூலியாளைக் காட்டுகிறார். கூலியாள் அன்றைய கூலியோடு தன் ஊர் சேர்ந்துவிடுகிறான். உடைந்த ஓட்டின் வழியே மாரி மழை மட்டும் தவறாது வந்து சேர்கிறது. நன்மைக்குக் கருத்தாவாக நின்றவர் தீமைக்கு மட்டும் கருத்தாவல்லர் என்பது எவ்விலக்கணத்தில் உள்ளது?

சிலப்பதிகாரத்தை நோக்குக. கோவலனை வெட்டியது பாண்டியனின் வாளன்று; காவலருள் ஒருவனின் வாள். பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். 'அவன் பொய்யுரைத்தான், இவன் ஆராயாது வெட்டினான்' என்று கூற நெடுஞ்செழியனுக்கு வழியில்லாமற் போகவில்லை. ஆயினும் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபொழுது அம்மன்னன் எவரையும் சுட்டினானல்லன்; குற்றத்தைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டான். அவன் செய்த அநீதி பெரிது. அதனை ஏற்ற நேர்மையும் பெரிதன்றோ?

காவிய நீதி வேறு, நீதிமன்ற நீதி வேறு என்பாருமுளர். நன்று; நீதிமன்றத்தையே நோக்குவோம். இங்கிலாந்தின் இலங்காசயரில் யோன் றைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி, திறமையுடைய பொறியியலாளரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்தித் தம் ஆலைக்கு ஒரு நீர்த்தேக்கம் அமைப்பித்தார். தோண்டும்பொழுது கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் தென்பட்டன. வேலை செய்தோர் அவற்றைச் செவ்வையாக அடைத்திலர். 1860 டிசம்பரில் நீர் அக்குழிகள் வழியே பாய்ந்து, அயலவரான பிளெச்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. றைலண்ட்ஸ் தம்மளவில் கவனக்குறைவு உடையவரல்லர் என்பது தெளிவாகவே இருந்தது. ஆயினும் 1868 இல் பிரபுக்கள் சபை அவரே நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தப்பினால் தீங்கு விளைக்கும் பொருளைத் தம் பயனுக்காகத் தம் நிலத்திற் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அதன் விளைவையும் அவரே தாங்குக என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டிற் பொதுச்சட்டமாக விளங்குவது உரோம-தச்சுச் சட்டம். அது பெரும்பாலும் தவற்றை நோக்குவது. தன் ஏவலின்கீழ் நின்று வேலை செய்யும் பணியாளின் தவற்றுக்கு எசமான் பொறுப்பாவார். தன் போக்கில் வேலையை ஏற்றுச் செய்யும் ஒப்பந்தக்காரரின் தவற்றுக்குப் பொதுவாகப் பொறுப்பாகார். ஆனால் திறமையற்றவரைத் தெரிந்தெடுத்தலும், ஆபத்தான வேலையைக் காப்பு ஏற்பாடின்றிச் செய்வித்தலும் வீட்டுக்காரரின் சொந்தத் தவறுகளே. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஈரதிகாரங்கள் அமைந்தமை அரசர்க்கு மட்டும் என்று எண்ணற்க. தென்னை தறிக்க ஆள் தேடுவோர்க்கும் அவை உரியன.

எனவே என் கருத்து இது: அயலவரின் கூரையை வீட்டுக்காரர் முதலிற் செப்பனிட்டுக் கொடுக்கவேண்டும்; பின்னர் அச்செலவைக் கொந்தராத்துக்காரரிடம் கேட்டுப் பெறவேண்டும். சட்டம் எந்த எல்லையில் நின்றாலும் அயலுறவின் எல்லை இதுவே. கொந்தராத்துக்காரரை அயலவர் அறியார், அமர்த்தியவரே அறிவார்.

இனி, எவ்வளவு கேட்பது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். தறிக்கவேண்டிய மரத்தை விட்டுக் காய்க்கும் தென்னையைத் தறித்துவிட்ட ஒருவர், விறகின் விலையை நீட்டுகிறார். நெட்டைத் தென்னங்கன்று காய்ப்பதற்கு 6 முதல் 8 ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுக் காய்களும் இழப்பே. இரவில் ஒருவர் ஆடுகள் மற்றவர் பயிரை அழித்த வழக்கொன்று தாவூது நபி (அலை) அவர்களிடம் வந்ததைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. விரிவுரையாளர் உரைக்கும் வரலாற்றின்படி, ஆடுகளையே ஈடாகக் கொடுக்குமாறு தந்தையார் தீர்க்க, மைந்தர் சுலைமான் நபி (அலை) அவர்கள் வேறு வழி கண்டனர். ஆட்டுக்காரர் நிலத்தைத் திருத்திப் பயிரை முன்னைய நிலைக்குக் கொணரவேண்டும். அதுவரை பயிர்க்காரர் ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் பயன்கொள்ளலாம். இழந்தது மீளும்வரை இடைக்காலப் பயனும் ஈடு செய்யப்படவேண்டும் என்னும் நுட்பம் இதில் அமைந்துள்ளது. தவறியவர் அழிந்தொழியவுமில்லை, இழந்தவர் வெறுங்கையராகவுமில்லை.

ஆதலின் பணமில்லாக் கொந்தராத்துக்காரரிடம் உழைப்பை ஈடாக ஏற்பதில் தாழ்வொன்றுமில்லை. இடித்த மதிலை அவரே எழுப்பட்டும். ஆனால் நாட்கூலியாளின் கூலியைப் பிடித்துவைத்து அதனை நட்டஈடு என்றல் அறமன்று. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் வழங்கும் ஊர்களில் இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

உரிமையைக் கேட்பதை நம்மவர் சண்டையென்று அஞ்சுகின்றனர். மனத்தாங்கலை ஆண்டுக்கணக்கிற் சுமக்கின்றனர். காலமோ காத்திராது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, சேதத்துக்கான வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். வாய்மொழி உடன்பாட்டின்மேல் எழும் வழக்குக்கு 3 ஆண்டுகள். எழுத்திலமைந்த உடன்பாட்டுக்கு 6 ஆண்டுகள். வேலை தொடங்குமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுதலின் பயன் இதனால் விளங்கும். சேதம் நேர்ந்த அன்றே படம் எடுத்து, மேசனிடம் செலவு மதிப்பீடு பெற்று, எழுத்தில் அறிவித்தலும் வேண்டும்.

அதன் பின்னரும் நீதிமன்றமே முதல் வாயில் அன்று. நம் ஊர்களிற் குடிதோறும் மரைக்காயர்மார் அமர்ந்து பிணக்குத் தீர்க்கும் மரபு பழையது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியஸ்த சபைகளும் உள்ளன. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் ஆங்கேயே செல்லவேண்டும். இணக்கம் எய்தாவிடின் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் ஏகலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஏவுதற் கருத்தாவைக் கற்பிக்கும்பொழுது கோயில் கட்டிய மன்னனோடு நின்றுவிடாதீர்கள். "அயலவர் கூரையை உடைத்தவர் யார்?" என்றும் மாணவரிடம் வினவுங்கள். அவர்கள் கூறும் விடையைப் பெற்றோரும் கேட்கட்டும்.