ஆற்றோரப் பலகையில் ஒரு சொல்லும் குறையக் கூடாது

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்களைத் தாண்டி டல்லஹாச்சி ஆற்றங்கரைக்குப் போனால் ஓர் எஃகுப் பலகை நிற்கிறது. எடை 500 பவுண்டுக்கு மேல்; ஏறத்தாழ இரண்டே கால் குவிண்டால். 14 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலை இந்த ஆற்றிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்வது அதன் வேலை. துப்பாக்கிக் குண்டு துளைக்கக் கூடாது என்பதற்காகவே அதை அவ்வளவு கனமாகச் செய்தார்கள்.

காரணம் இருக்கிறது. 2008-ல் வைத்த முதல் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்ததை வருடக்கணக்கில் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட துளைகள். விளிம்பு பிய்ந்து பின்பக்கம் மடங்கிய தகடு, சுற்றிலும் துரு, நடுநடுவே சிதைந்த எழுத்து. 2018 ஜூனில் வைத்த மூன்றாவது பலகை 35 நாள்தான் தாங்கியது. அதன் பக்கத்தில் கல்லூரி மாணவர்கள் மூவர் துப்பாக்கிகளோடு எடுத்துக்கொண்ட படம் 2019-ல் வெளியானது. அந்த அக்டோபரில்தான் இப்போதைய எஃகுப் பலகை வந்தது.

சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில். கடையில் வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லி, 1955 ஆகஸ்ட் 28 அதிகாலை இருட்டில் அவனைத் தூக்கிச் சென்றார்கள். அடித்துச் சுட்டுக் கொன்று, ஜின்னிங் ஆலை விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார், பார்த்தது. சம்னர் நீதிமன்றத்தில் 12 வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரியோ 67 நிமிடத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ராய் பிரயன்ட், ஜே.டபிள்யூ. மிலம் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களிலேயே அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ‘லுக்’ பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவர்கள் என்பதால் அந்த வழக்கில் அவர்களை மறுபடி கூண்டில் ஏற்ற முடியவில்லை.

அந்த நீதிமன்ற வளாகத்தில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையினருக்கு 1913-லேயே நினைவுத்தூண் எழுப்பிவிட்டார்கள். எம்மெட்டுக்கு அங்கே ஒரு பலகை வைக்க 2007 வரை ஆனது. அதுவும் வாஷிங்டன் கொடுத்ததல்ல. கவுன்டி நிர்வாகக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரான ஜெரோம் லிட்டில் முன்முயற்சியில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்த உள்ளூர் நினைவுக் குழுவின் உழைப்பில் வந்தது அது. 2007 அக்டோபர் 2 அன்று நீதிமன்ற வாசலில் நின்று, நீதி தவறியதற்காக எம்மெட்டின் குடும்பத்திடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள். பலகையில் ‘கொல்லப்பட்டான்’ என்று மொட்டையாக எழுதி நழுவவில்லை. விடுவிக்கப்பட்ட இருவரின் பெயர், விடுவித்த ஜூரி முழுக்க வெள்ளையர்கள் என்பது, பிறகு இருவரும் கொலையை ஒப்புக்கொண்டது எல்லாமே அதில் இருக்கின்றன. இப்படி எழுதும் துணிச்சல் எத்தனை ஊர்களுக்கு வரும்?

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. புண் ஆறியிருந்தால் பலகையை எஃகில் செய்ய வேண்டி வந்திருக்காது. அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்குமே என்கிறார்கள். துளைபட்ட பழைய பலகை 2021-ல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்குப் போனது, நல்லதுதான். ஆனால் அந்த ஆற்றங்கரைச் சாலையில் போய் வருகிறவர்கள் வாஷிங்டனில் இல்லை.

இன்று எங்கள் கவலை துப்பாக்கியைப் பற்றியது மட்டுமல்ல. 2023-ல் ஆற்றங்கரையும் சம்னர் நீதிமன்றமும் தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதிகளாயின. அதனால் மதிப்பு கூடியது. கூடவே, அங்கே என்ன எழுதலாம் என்பதில் வாஷிங்டனின் கையும் நுழைந்தது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, அமெரிக்கர்களைத் தகாத முறையில் இழிவுபடுத்தும் வாசகங்கள் கூட்டரசின் நினைவிடங்களில் இருக்கக் கூடாது என்கிறது. அதன்படி நாடெங்கும் பலகைகளின் வாசகங்கள் ஆய்வுக்கு வந்தன. பிரயன்டும் மிலமும் அமெரிக்கர்கள்தான். அவர்கள் செய்ததை எழுதினால் அது இழிவுபடுத்துவதா?

எம்மெட் டில் தொடர்பான எந்த இடத்திலும், சம்னரில் உள்ள அந்த நினைவுக் குழுவின் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்றமாட்டோம் என்று, நினைவுச்சின்னத்தை நிர்வகிக்கும் தேசியப் பூங்காத் துறை எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். எஃகு குண்டைத் தடுக்கும். வாஷிங்டனில் ஒருவர் பேனாவால் அடித்துவிட்டால் அதைத் தடுக்க அதனால் ஆகாது.